பர்மிட் அண்ணனின் இரண்டு வாசல்கள்

எங்கள் ஊரில் சாராயச் சங்கதிக்காக பர்மிட் அண்ணன் அளவுக்குப் பாடுபட்ட மனிதர் இதுவரை பிறக்கவில்லை. ஒன்பது வருடம் விண்ணப்பம் எழுதினார். கோயம்புத்தூர் பஸ்ஸில் கண்டக்டர் இவரைப் பார்த்ததும் கேட்காமலே டிக்கெட் கிழிக்கிற அளவுக்கு அலைந்தார். அந்த ஒன்பது வருடத்திலும், அதற்கு முன்னும் பின்னும், அவர் நாக்கில் ஒரு சொட்டுப் பட்டதில்லை. இருமல் மருந்தைக்கூட லேபிளைப் படித்துவிட்டுக் கீழே வைத்துவிட்டு, இருமிக்கொண்டே போவார்.

நான் தேதி பார்க்கிற ஆள். நாற்பது வருட டைரிகள் வீட்டில் அலமாரி நிறைய இருக்கின்றன. ஆனால் இந்த விஷயத்தில் சம்பந்தப்பட்டவர்கள் எல்லோரும் இன்னும் அதே தெருவில் எதிரே வருகிறார்கள். ஆகவே கிழமைகளை மட்டும் சொல்கிறேன். தேதிகள் அலமாரியிலேயே இருக்கட்டும்.

ஊர், அன்னூரிலிருந்து கோவை வரும் வழியில் இருக்கிறது. அங்கே எங்களுக்கு ஒரு மனமகிழ் மன்றம். ஓட்டுக் கட்டடம், ஒரு கேரம் போர்டு, இரண்டு சீட்டாட்ட மேசை, நாலு தமிழ்ப் பத்திரிகை. தலைவர் ஒரு தென்னந்தோப்புக்காரர். செயலாளர் பர்மிட் அண்ணன். கூட்டம் நடந்தால் நடவடிக்கைக் குறிப்பு எழுதுவது நான்.

அண்ணன் பேரூராட்சியில் லைசென்ஸ் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி காலமாகிவிட்டார். மகள் கோபிசெட்டிபாளையத்தில். உலகத்தில் எதற்கும் ஓர் அனுமதிக் கடிதம் உண்டு, அதை வாங்காதவன்தான் குற்றவாளி என்பது அவர் மதம். மகள் கல்யாணத்துக்கு மைக்செட் வைக்க போலீஸ் அனுமதி வாங்கினார். அதோடு விட்டாரா, கண்ணாடிச் சட்டம் போட்டு மணமேடைக்குப் பின்னால் மாட்டினார். வந்த ஒறம்பரை சொந்தபந்தங்களில் பாதிப்பேர் அதைக் குலதெய்வப் படம் என்று நினைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

மன்றத்துக்கு மது பரிமாறும் பர்மிட் வாங்க வேண்டும் என்பது தலைவரின் ஆசை. தனியார் மன்றங்களுக்கு அப்படி ஓர் உரிமம் உண்டு என்று எங்கோ ஒரு கல்யாணத்தில் கேட்டுவிட்டு வந்தார். "ரோட்டுக் கடையில போயி நின்னா மருவாதி இல்லீங்ணா. நம்ம மன்றத்துக்குள்ளயே, நாலு பேரு பாக்காம, டீசண்டா" என்றார். பொறுப்பு அண்ணன் தலையில் விழுந்தது. அவர் மகிழ்ச்சியோடு ஏந்திக்கொண்டார்.

"ஏனுங்ணா, நீங்க தொடறதே இல்ல. உங்களுக்கு எதுக்கு இந்தச் சோலி?" என்று நான் ஒருமுறை கேட்டேன்.

"கல்யாணத் தரகனுக்கெல்லாம் கல்யாணம் ஆயிருக்கோணும்னு சட்டம் இருக்குதுங்களா?" என்றார்.

பர்மிட் வருவதற்கு முன்பே ஒத்திகையை ஆரம்பித்துவிட்டார். மன்றத்தில் ஒரு பன்னீர் சோடாப் பெட்டி உண்டு. அதற்கு ஒரு பெரிய பதிவேடு போட்டார். பெயர், தகப்பனார் பெயர், உறுப்பினர் எண், அளவு, நேரம், கையெழுத்து. எழுதாமல் சோடா கிடையாது.

தலைவர் பொறுத்துப் பார்த்தார். "பன்னீர் சோடாவுக்கு எங்கப்பாரு பேரு எதுக்குங்ணா?"

"நாளைக்கு பர்மிட் வந்துபோட்டா அப்ப கை தடுமாறப்படாதுங்க. இப்பவே பழகோணும்."

"செத்துப் பத்து வருசமான மனுசனைத் தெனமும் சோடாவுக்குக் கூப்புடறீங்களே."

இரண்டாவது சோடா கேட்டால் "அளவு தாண்டுதுங்க" என்பார். காந்தி ஜெயந்தி அன்று சோடாப் பெட்டியையே பூட்டிவிடுவார். மதுவிலக்கு நாள் பட்டியல் சுவரில் தொங்கியது. வேகாத வெயிலில் சீட்டாடிக் களைத்தவர்கள் நாக்கு வறண்டு அந்தப் பட்டியலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். "சோடாதானுங்களேண்ணா" என்று யாராவது கெஞ்சினால், "பாட்டில்தானுங்களே. வெளிய நின்னு பாக்கறவனுக்கு உள்ள என்ன இருக்குதுன்னு தெரியுமுங்களா?" என்று கேட்பார்.

விண்ணப்பம் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. காரணம் மாரியம்மன். மன்றத்தின் முன்வாசலுக்கு நேர் எதிரே, தெருவைத் தாண்டினால் கோயில். வழிபாட்டுத் தலம் அருகில் இருக்கிறது, அனுமதிக்க இயலாது என்று பதில் வரும். அண்ணன் விதிப் புத்தகத்தோடு ஒரு வாரம் படுத்து எழுந்தார். தூரத்தைக் காக்கை பறக்கிற மாதிரி அளக்கக்கூடாது, ஆள் நடக்கிற வழியில் வாசலுக்கு வாசல்தான் அளக்க வேண்டும் என்று கண்டுபிடித்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்தார். முன்வாசலைச் செங்கல் வைத்து அடைத்துப் பூசினார். பின்சுவரை இடித்துப் புதிதாக ஒரு வாசல் வைத்தார். அதன் பிறகு மன்றத்துக்குப் போவது சாதாரணக் காரியமாக இல்லை. கோயில் பக்கமிருந்து கிளம்பி, தலைவரின் தென்னந்தோப்பை ஒரு சுற்றுச் சுற்றி, எருமைக் கொட்டகையைத் தாண்டி, வாய்க்காலின் மேல் போட்ட பலகையில் நடந்து வர வேண்டும். வெள்ளை வேட்டியில் வந்தவர்கள் வேறு நிறத்தில் சீட்டாடினார்கள். அண்ணன் டேப்பை எடுத்துக்கொண்டு ஏழு தடவை அளந்தார். அப்படியும் விதி கேட்கிற தூரத்துக்கு இரண்டடி குறைந்தது. உடனே பாதையின் நடுவில் ஒரு செம்பருத்திச் செடியை நட்டு, எல்லோரும் அதைச் சுற்றி நடக்கும்படி வழியை வளைத்தார். மறுபடி அளந்தார். சரியாக வந்தது. அன்று சாயங்காலம் எல்லோருக்கும் இரண்டாவது சோடா அனுமதிக்கப்பட்டது.

இத்தனைக்குப் பிறகும், ஒரு சனிக்கிழமை காலை நான் மன்றத்துக்குள் நுழைந்தபோது, அண்ணன் மேசைக்கு எதிரே பத்துப் பெண்கள் நின்றிருந்தார்கள். அவர் மும்முரமாக எழுதிக்கொண்டிருந்தார். தலைப்பைப் பார்த்துவிட்டு நான் கண்ணாடியைத் துடைத்து மறுபடி பார்த்தேன். பஸ் நிறுத்தச் சந்திப்பில் இருக்கிற மதுக்கடையை அகற்றக் கோரும் மனு.

பெண்களுக்குத் தலைமை சரசக்கா. பஸ் நிறுத்தத்தை ஒட்டிய காலனியில் இருப்பவர், நூல் மில்லில் வேலை. ஷிப்ட் முடிந்து வருகிற பெண்கள் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் வீடு போக வேண்டும். "ஆறு மணிக்கு மேல அது ரோடே இல்லீங்ணா" என்றார் சரசக்கா. "பாதிப் பேரு நிக்கறான், மீதிப்பேரு படுத்திருக்கறான். எம்புள்ள டியூசனையே உட்டுப்போட்டா. எங்கூட்டுக்காரரும் அதுல ஒருத்தர்தான், அது வேற சங்கதி. அவரை நான் பாத்துக்கறேன். நீங்க கடையப் பாருங்க."

"ரெண்டே மாசமுங்க. தூக்கிக் காட்டறேன்" என்றார் அண்ணன்.

பெண்கள் போனதும் நான் கேட்டேன். "ஏனுங்ணா, அந்தப் பைல்ல வேணுங்கறீங்க, இந்தப் பைல்ல வேண்டாங்கறீங்க. நீங்க எந்தக் கட்சிங்க?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "குடிக்கறவன் கதவச் சாத்திக்கிட்டு, கையெழுத்துப் போட்டுக் குடிக்கோணும். நடக்கறவங்க ரோட்டுல நிம்மதியா நடக்கோணும். இதுல எங்கீங்க ரெண்டு கட்சி?"

எனக்குப் புரிந்த மாதிரி இருந்தது. வீட்டுக்கு வந்து டைரியில் எழுத உட்கார்ந்தபோது புரியவில்லை.

இதற்குள் தலைவருக்குப் பொறுமை தீர்ந்துவிட்டது. "தைக்குள்ள பர்மிட் வரலீன்னா ஆளுக கழண்டுக்குவாங்க. மன்றத்தைப் பூட்டிச் சாவிய என்ற கையில குடுத்துப்போடுங்க" என்று சொல்லிவிட்டார். அண்ணன் அன்று சோடா குடிக்கவில்லை. மகள் மாதம் ஒருமுறை கோபியிலிருந்து வந்து, எங்களோடயே இருந்துக்கோங்கப்பா என்று கூப்பிடுவாள். மன்றத்துச் சோலி இருக்குதே கண்ணு என்று சொல்லி அனுப்பிக்கொண்டிருந்தார். மன்றம் இல்லையென்றால் அந்தப் பதிலும் இல்லை.

ஆக, இரண்டு வாக்கு, இரண்டு கோப்பு. எதை முதலில் கொடுப்பது? முதலில் கொடுத்ததுதான் முதலில் நடக்கும் என்று ஒரு நம்பிக்கை அவருக்கு. முடிவு செய்ய முடியாமல் மாரியம்மனிடம் பூக் கேட்பது என்று தீர்மானித்தார்.

எங்கள் பக்கத்தில் பெண் பார்ப்பதானாலும் கிணறு வெட்டுவதானாலும் பூக் கேட்காமல் செய்ய மாட்டார்கள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் ஒரே மாதிரி இரண்டு பொட்டலங்களில் கட்டி ஆத்தா முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். எது வருகிறதோ அது உத்தரவு. அண்ணன் ஒரு சீர்திருத்தம் செய்தார். பூவோடு சேர்த்துக் கோப்பையும் பொட்டலத்துக்குள் வைக்கச் சொன்னார். பூசாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, இரண்டு கோப்புகளையும் பழைய பத்திரிகையில் சுற்றி, மஞ்சள் நூல் கட்டி, குங்குமம் வைத்தார். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

"எதுல எதுன்னு ஒரு அடையாளம் போட்டுக்கலாமுங்களே" என்றேன்.

"அடையாளம் வெச்சா உத்தரவு செல்லாதுங்க" என்றார் அண்ணன்.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்தார். ஓரத்தைக் கிழித்துப் பார்த்தால் வெள்ளைப் பூ. அண்ணன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவர் மனதில் வெள்ளை என்றால் மன்றத்துக் கோப்பு. பூசாரி மனதில் வெள்ளை என்றால் பெண்களின் மனு. இதை ஒருவரும் ஒருவரிடமும் கேட்டுக்கொள்ளவில்லை. போதாக்குறைக்குப் பூசாரி, "கொண்டுட்டுப் போறவங்க பிரிச்சுப் பாக்கப்படாது. வாங்கறவங்கதான் பிரிக்கோணும்" என்று வேறு சொல்லிவிட்டார்.

மறுநாள் திங்கட்கிழமை. கோயம்புத்தூர் கலெக்டர் ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். வெள்ளைப் பொட்டலத்தை உரிமப் பிரிவில் நீட்டினார். அங்கிருந்தவர் குங்குமத்தைப் பார்த்துவிட்டு இரண்டு விரலால் வாங்கிப் பிரித்தார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். முத்திரை விழுந்தது, எண் எழுதிய சீட்டு வந்தது. பிறகு குறைதீர்க்கும் கூட்டத்து வரிசையில் நின்று சிவப்பைக் கொடுத்தார். அங்கேயும் திரும்பிக்கொண்டார். என்னையும் திரும்பிக்கொள்ளச் சொன்னார். இரண்டு சீட்டுகளையும் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "ஆச்சுங்க. இனி ஆத்தா பாத்துக்குவா" என்றார். திரும்பி வருகிற பஸ்ஸில் தூங்கினார். அவர் பகலில் தூங்கி நான் பார்த்தது அன்றுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு வியாழக்கிழமை, கடிதம் வந்தது. அண்ணன் சத்தமாகப் படித்தார். சந்திப்பில் இருக்கிற கடையை அகற்றக் கோரிய மனுவும், மன்றக் கட்டடத்தில் மதுவுக்கு அனுமதி கேட்டுப் பொதுமக்கள் கோரிக்கையாக வந்த மற்றொரு மனுவும் ஒரே கையெழுத்தில், ஒரே முகவரியிலிருந்து வந்திருந்ததால் சேர்த்துப் பரிசீலிக்கப்பட்டன. கடையை அகற்றுவது கொள்கையளவில் ஏற்கப்படுகிறது. மாற்று இடமாகத் தமது கட்டடத்தையே வரைபடத்துடன் அளிக்க மனுதாரர் முன்வந்தது பாராட்டத்தக்கது. புதன்கிழமை அலுவலர் பார்வையிட வருவார்.

'பாராட்டத்தக்கது' என்ற இடத்துக்குத் திரும்பிப் போய் அவர் மறுபடி ஒருமுறை படித்தார்.

செய்தி எருமைக் கொட்டகையைச் சுற்றிக்கொண்டு போக நேரமாகவில்லை. அரைமணியில் மன்றத்தில் இரண்டு படை. ஒரு பக்கம் உறுப்பினர்கள்.

"சீட்டாடற எடத்துல சரக்குக் கடையா? உள்ளார ஒரு ஓரமா கேட்டா, மொத்தத்தையும் தூக்கிக் குடுத்துப்போட்டீங்களே" என்றார் தலைவர்.

மறுபக்கம் சரசக்கா. "எங்க தலமாட்டுல இருந்து எடுத்து ஆத்தா தலமாட்டுல வெக்கறதுக்கா நாங்க கையெழுத்துப் போட்டமுங்க? நல்லாத் தூக்கினீங்க. தோப்பு வழியாத்தான் நாங்க வெறகுக்குப் போறது. நாளைக்கு அதுலயும் படுத்துக்கெடப்பான்."

அண்ணன் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தார். "எல்லாமே முறைப்படி செஞ்சனுங்களே" என்றார். அந்த முகத்தைப் பார்த்த பிறகு சரசக்காவே பெண்களைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வெள்ளியிலிருந்து திங்கள் வரை அவர் டேப்பும் விதிப் புத்தகமுமாக மன்றத்தைச் சுற்றினார். நான் குறிப்புப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, என்ன எழுதுவதென்று தெரியாமல் 'ஆலோசனை நடைபெறுகிறது' என்று நாலு நாளும் எழுதினேன்.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் தெருப் பக்கம் இடி விழுகிற மாதிரி சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், பர்மிட் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தான் அடைத்த முன்வாசலைக் கடப்பாரையால் இடித்துக்கொண்டிருந்தார். இரண்டு குத்துக்கு ஒரு தடவை நின்று மூச்சு வாங்கினார். தலைவர் தோப்பிலிருந்து ஓடி வந்தார்.

"அண்ணா, நில்லுங்க. இந்த வாசலத் தொறந்தா ஆத்தா நேரா எதுத்தாப்புல வந்துருவா. கடையும் வராது, சரி. ஆனா நம்ம பர்மிட்டும் ஏழு சென்மத்துக்கும் வராதுங்க."

"தெரியுமுங்க."

"மன்றம் நிக்காதுங்க."

"அதுவும் தெரியுமுங்க." ஒரு குத்து. செங்கல் ரெண்டு உதிர்ந்தது. "உங்களுக்குக் குடுத்த வாக்கு போச்சுங்க. மன்னிச்சுக்கோங்க. அந்தம்மாகளுக்குக் குடுத்ததாவது நிக்கட்டும்."

சரசக்கா தெருவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு வந்தார். "அந்தால தள்ளுங்ணா. நீங்க குத்தறதப் பாத்தா அடுத்த புதங்கெழமை ஆயிரும்" என்று சொல்லிக் கடப்பாரையை வாங்கினார். பதினைந்து நிமிடத்தில் வெளிச்சம் உள்ளே விழுந்தது. வாசலை அடைத்ததிலிருந்து இருட்டில் கிடந்த கேரம் போர்டின் மேல் வெயில் பட்டது. அப்போதுதான் அதில் எத்தனை கீறல் என்று தெரிந்தது.

புதன்கிழமை வந்த அலுவலர் இளம்பெண். "வாங்க அம்மணி" என்று ஆரம்பித்துவிட்டு, "மன்னிச்சுக்கோங்க, மேடம்" என்று திருத்திக்கொண்டார் அண்ணன். டேப்பின் ஒரு முனையை அவரே வாசற்படியில் பிடித்தார். மறுமுனையைப் பூசாரி கோயில் வாசலில் பிடித்தார். விதி கேட்கிற தூரத்தில் பாதிகூட இல்லை.

அலுவலர் வரைபடத்தைப் பார்த்தார். "இதில் இங்கே வாசலே இல்லையே. பெரியவரே, போன வாரம் வரைக்கும் இது சுவர்தானே?"

"சொவருதானுங்க."

"நீங்களே உங்க விண்ணப்பத்தைத் தோற்கடிச்சுட்டீங்களே."

"அது இருக்கட்டுமுங்க மேடம். கடிதாசில முதல் பாராவுல கடையை அகற்றுவது ஏற்கப்படுகிறதுன்னு இருக்குது. ரெண்டாவது பாராவுலதான் மாற்று இடம். ரெண்டாவது பாரா இப்ப விழுந்துபோச்சுங்க. முதல் பாரா நிக்குதுங்களே?"

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டு போனார். வேறு இடம் கிடைத்தால்தான் நகர்த்த முடியும் என்பது அவர் சொன்ன பதில். அண்ணன் அதைப் பதிலாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த பத்தொன்பது திங்கட்கிழமைகள், இடைவிடாமல், முதல் பாராவை அடிக்கோடிட்டு மனுக் கொடுத்தார். எண்ணியது நான், ஆகவே சந்தேகப்பட வேண்டாம். கடைசித் திங்களுக்குப் பிறகு கடை ஊருக்கு வெளியே, பைபாஸுக்கு அந்தப் பக்கம் போனது. முதல் நாள் சாயங்காலம் மில் பெண்கள் சந்திப்பில் அவசியமே இல்லாமல் ஐந்து நிமிடம் நின்று பேசினார்கள். சரசக்காவின் மகள் டியூஷன் போனாள். சரசக்காவின் கணவர் இப்போது அந்தக் கடைக்கு இரண்டு கிலோமீட்டர் நடக்கிறார். "ஒடம்பு எளச்சிருக்குதுங்க" என்று சரசக்கா அதையும் அண்ணன் கணக்கில் வைத்தார்.

தலைவர் சொன்ன மாதிரியே உறுப்பினர்கள் கழண்டுகொண்டார்கள். தலைவர் நல்ல மனிதர், சாவியைக் கேட்கவில்லை. ஆனால் மேசையில் சீட்டுப் பிரிக்க நாலு பேர் சேரவில்லை. பதிவேட்டில் ஒரு நாளைக்கு ஒரே ஒரு சோடா. அதில் தகப்பனார் பெயர் எழுதும் இடத்தில் என் அப்பா பெயர் மட்டும் தினமும் இருந்தது. வைகாசியில் மகள் வந்தாள். இந்த முறை அண்ணன் மன்றத்துச் சோலியைச் சொல்லாமல் பெட்டியைக் கட்டினார்.

கிளம்புகிற அன்று காலையில் நான் பல மாதமாக மனதில் கிடந்ததைக் கேட்டுவிட்டேன். பூசாரி சமீபத்தில் என்னிடம், எந்தக் கோப்பில் எந்தப் பூ என்று முதல் நாளே அண்ணன் வந்து ஏதோ பேசிவிட்டுப் போனதாகச் சொன்னார். பிறகு, அது வேறு யாரோ கிணற்றுக்குப் பூக் கேட்க வந்தபோது நடந்ததோ என்னவோ என்றும் சொன்னார். என் டைரியில் இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன்.

"உண்மையச் சொல்லுங்ணா. பூவு தானா மாறுச்சா, இல்ல நீங்க மாத்துனீங்களா?"

பெட்டியைக் காரில் வைத்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார். "அது ஆத்தாளோட பைலுங்க. நம்ம பிரிச்சுப் பாக்கப்படாது" என்றார். டேப்பை என் கையில் கொடுத்துவிட்டு ஏறிக்கொண்டார். இன்றுவரை எனக்குத் தெரியாது. கோபியில் மகள் இருக்கிற தெருவில் குப்பை வண்டி வரும் நேரத்துக்கு அனுமதிக் கடிதம் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறார் என்று கேள்வி.

மன்றம் இப்போதும் திறந்திருக்கிறது. பத்திரிகை படிக்க ஐந்தாறு பேர் முன்வாசல் வழியாக, தெருவிலிருந்து நாலு எட்டில், நேராக வந்துவிடுகிறார்கள். நான் மட்டும் தோப்பைச் சுற்றி, எருமைகளைத் தாண்டி, பலகையில் நடந்து, பின்வாசலில் நுழைகிறேன். கேட்பவர்களிடம் நடைப்பயிற்சி என்று சொல்கிறேன். பாதையின் நடுவில் அந்தச் செம்பருத்தி நன்றாக வளர்ந்து நிற்கிறது. அதைச் சுற்றாமல் ஓரமாகத் தாண்டினால் இரண்டடி மிச்சம். தாண்டுவதில்லை. அது அண்ணன் அளந்து வைத்த தூரம். அதைக் குறைக்க என்னிடம் பர்மிட் இல்லை.